ஓ மட்டும் கேப்பிட்டல்: எஸ்க்யூஎல் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வந்த போன் அது.

"அண்ணா, ஆர்டர்ஸ்னு ஒரு டேபிளே இல்லைன்னு சொல்லுது."

"இருக்கேப்பா. என் ஸ்கிரீன்ல தெரியுதே."

"ஸ்பெல்லிங் மூணு தடவை பார்த்துட்டேன் அண்ணா."

"ஓ மட்டும் கேப்பிட்டல். அப்படி அடிச்சியா?"

"கேப்பிட்டல்லதான் அடிச்சேன்."

"டபுள் கோட்ஸ் போட்டியா?"

"அது எதுக்கு?"

அந்த டேபிளை அப்படி உருவாக்கிய புண்ணியவான் நான்தான். ஓர் எக்செல் ஷீட்டைப் பாண்டாஸ் என்ற பைத்தான் கருவி வழியாகப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஏற்றும்போது, பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று டேபிள் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்தேன். மேற்கோள் குறி எதையும் நான் போடவில்லை. ஆனால் பாண்டாஸுக்கு அடியில் வேலை பார்க்கும் எஸ்க்யூஎல் ஆல்கெமிக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருந்தால் பொதுவாகச் சும்மா விட்டுவிடும். ஒரே ஒரு பெரிய எழுத்து கண்ணில் பட்டாலும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத்தான் டேட்டாபேஸுக்கு அனுப்பும். எனக்குத் தெரியாமல் போட்ட அந்த மேற்கோளுக்கு, பிறகு அந்த டேபிளைத் தொட்ட ஒவ்வொருவரும் வரி கட்ட வேண்டியதாயிற்று.

விளக்கத்துக்குள் போகுமுன் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஒன்றாம் வகுப்பில் பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி என்று இரண்டு தடவை எழுதிப் பழகியது ஆங்கிலத்துக்காக மட்டும்தான். அதனால் ஆர்டர்ஸ் என்று எழுதிவிட்டு, அதில் எந்த எழுத்து பெரியது என்பதை இங்கே வாயால்தான் சொல்லியாக வேண்டும், போனில் சொன்னதுபோல. ஒரு விதத்தில் அது நல்ல சோதனையும்கூட. டேபிள் பெயரைப் போனில் சொல்லும்போது "ஓ மட்டும் கேப்பிட்டல்" என்று வால் சேர்க்க வேண்டியிருந்தால், பெயர் வைத்ததிலேயே கோளாறு என்று நான் எடுத்துக்கொள்வேன்.

எது பெயர்?

டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் வரி ஒன்றில் மூன்று வகைச் சொற்கள் கலந்து கிடக்கும். செலக்ட், ஃப்ரம், வேர் போன்றவை மொழியின் சொந்தச் சொற்கள். இவற்றை எப்படி அடித்தாலும் எந்த டேட்டாபேஸும் கண்டுகொள்ளாது. அடுத்தது ஒற்றை மேற்கோளுக்குள் வரும் தரவு: ஊர்ப் பெயர், ஆள் பெயர், மின்னஞ்சல். மதுரையின் ஆங்கில எம் பெரிதாக இருந்தால் ஒன்று, சின்னதாக இருந்தால் வேறொன்றா என்பது கொலேஷன், அதாவது எழுத்துகளை எப்படி ஒப்பிடுவது என்ற விதி, என்ற தனிக் கதை. மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் தன் இயல்பான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், போஸ்ட்கிரெஸ் வேறுவேறாகப் பார்க்கும். மூன்றாவதுதான் நம் விஷயம், நாம் வைக்கும் பெயர்கள். டேபிள், காலம் (டேபிளின் நெடுவரிசை), வியூ (டேபிள்போலப் பயன்படும், சேமித்து வைத்த குவெரி), இண்டெக்ஸ் எல்லாவற்றின் பெயரும் இதில் சேரும். ஐடென்டிஃபையர் என்பார்கள். குவெரிக்குள் ஆஸ் என்ற சொல்லைப் போட்டு வைக்கிற தற்காலிகப் பெயரும் இதில் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த மறதி செய்கிற வேலையைப் பிறகு பார்ப்போம்.

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் குழம்புவது இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான். "எஸ்க்யூஎல்லில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது" என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். முதல் வகைக்கு அது முழு உண்மை. மற்ற இரண்டுக்கும் பாதி உண்மை.

குமாஸ்தாவும் துண்டுச்சீட்டும்

ரேஷன் கார்டுக்குப் பெயர் கொடுத்த அனுபவம் இருக்கும். வாயால் செந்தில் என்று சொன்னால், ஆங்கிலத்தில் அதற்கு டி போடுவதா டிஎச் போடுவதா என்பதைப் பதிவேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன் வழக்கப்படி முடிவு செய்துவிடுவார். "இதில் இருக்கிற மாதிரியே எழுதுங்க" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், எழுத்து பிசகாமல் அப்படியே இறங்கும்.

டேட்டாபேஸும் இப்படித்தான். மேற்கோள் இல்லாமல் ஒரு பெயர் வந்தால் அது வாயால் சொன்ன பெயர். தன் வழக்கப்படி எல்லா எழுத்தையும் ஒரே அளவுக்கு மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பதிவேட்டில் எழுதும் அல்லது தேடும். இரட்டை மேற்கோளுக்குள் வந்தால் அது துண்டுச்சீட்டு. மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸின் வழக்கம் சின்ன எழுத்து. மேற்கோள் இல்லாமல் ஆர்டர்ஸ் டேபிளை உருவாக்கும்போது ஓ பெரிதாக அடித்தாலும், எல்லாவற்றையும் பெரிதாக அடித்தாலும், பதிவேட்டில் ஏறுவது முழுச் சின்ன எழுத்துப் பெயர்தான். பிறகு எப்படி அடித்துக் கேட்டாலும் கிடைக்கும், ஏனென்றால் கேள்வியும் அதே மாதிரி சின்ன எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் தேடப்படுகிறது. இதுவரை எந்தத் தொல்லையும் இல்லை.

உருவாக்கும்போது மேற்கோளுக்குள், ஓ பெரிதாக வைத்து எழுதிவிட்டால் கதை மாறுகிறது. பதிவேட்டில் ஓ பெரிதாகவே ஏறிவிடும். அடுத்து ஒருவர் மேற்கோள் இல்லாமல் அதே பெரிய ஓ போட்டுக் கேட்கிறார். போஸ்ட்கிரெஸ் அதைச் சின்ன எழுத்தாக்கித் தேடுகிறது, கிடைக்கவில்லை, அப்படி ஒரு ரிலேஷனே (டேபிளைத்தான் அப்படிச் சொல்கிறது) இல்லை என்கிறது. போனில் கூப்பிட்ட என் நண்பருக்கு நேர்ந்தது இதுதான். அவர் அடித்தது சரி, டேட்டாபேஸ் சொன்னதும் சரி. பிழைச் செய்தியில் வரும் பெயரை உற்றுப் பாருங்கள்: நீங்கள் பெரிதாக அடித்த எழுத்து அதில் சின்னதாக இருக்கும். துப்பு அங்கேயே இருக்கிறது. காலம் பெயர் என்றால் "இதைத்தான் சொன்னீர்களா" என்று பெரும்பாலும் ஒரு குறிப்பும் சேர்த்துத் தரும். டேபிள் பெயருக்கு அந்த உதவி கிடையாது.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. ஓ பெரிதாக ஒரு டேபிள், முழுக்கச் சின்னதாக ஒரு டேபிள், முழுக்கப் பெரிதாக இன்னொன்று என ஒரே ஸ்கீமாவுக்குள் (டேபிள்களை வைக்கும் பெட்டி போன்றது) மூன்று ஆர்டர்ஸ் இருக்கலாம். போஸ்ட்கிரெஸ் மறுப்பே சொல்லாது. யாரோ டேபிள் இல்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்கிவிட, பாதி ஆர்டர் ஒன்றிலும் மீதி ஆர்டர் மற்றொன்றிலுமாகப் போய்ச் சேரும். பிழைச் செய்தி வந்தால்கூடப் பிழைத்தோம். இந்த வகையில் எந்தச் செய்தியும் வராது, கணக்கு மட்டும் இடிக்கும்.

ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் நேர் எதிர்த் திசையில் போகும். மேற்கோள் இல்லாத பெயரை முழுக்கப் பெரிய எழுத்தாக்கிவிடும். உண்மையில் எஸ்க்யூஎல் தர நிர்ணயம் சொல்வதும் இதைத்தான். அந்த மொழி 1974-இல் ஐபிஎம்மில் சீக்வெல் என்ற பெயரில் பிறந்து, 1986-இல் முதன்முதலாக அமெரிக்கத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. ஐபிஎம்மின் டிபி2 இன்றும் பெரிய எழுத்துக் கட்சி. ஸ்னோஃப்ளேக்கும் அதே கட்சிதான். போஸ்ட்கிரெஸ் தன் கையேட்டிலேயே, தான் சின்ன எழுத்தாக்குவது தர நிர்ணயத்துக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டு ஓர் அறிவுரையும் தருகிறது: ஒரு பெயரை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள், அல்லது ஒருபோதும் எழுதாதீர்கள்.

இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒரே ஸ்கிரிப்டை இரண்டிலும் ஓட்ட நினைப்பவர்கள். முழுச் சின்ன எழுத்துப் பெயரை மேற்கோளுக்குள் எழுதினால் போஸ்ட்கிரெஸில் ஒரு பாதகமும் இல்லை, மேற்கோள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பெயர்தான். அதே வரியை ஆரக்கிளில் ஓட்டி டேபிளை உருவாக்குங்கள், பிறகு மேற்கோள் இல்லாமல் கேளுங்கள். ஓஆர்ஏ 00942 வந்து நிற்கும், டேபிளோ வியூவோ இல்லை என்று.

ஆரக்கிளில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரு டேபிள் இருக்கிறதா என்று பார்க்க, யூசர் டேபிள்ஸ் என்ற பட்டியலில் தேடுவோம். அங்கே டேபிளின் பெயர் ஒற்றை மேற்கோளுக்குள் வருகிறது. அதாவது அது பெயர் என்ற தகுதியை இழந்து தரவாகிவிடுகிறது. தரவை ஆரக்கிள் மாற்றாது. சின்ன எழுத்தில் தேடினால் பூஜ்யம் வரிசைதான் வரும், டேபிள் கண்ணெதிரே இருந்தாலும். பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அப்பர் என்ற ஃபங்ஷனுக்குள் போட வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்: பெயர் என்பது ஒரு கோப்பு

மைஎஸ்க்யூஎல்லில் மேற்கோளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அங்கே பெயரைச் சுற்றிப் போடும் பேக்டிக் குறி, எழுத்து அளவைப் பொறுத்தவரை எதையும் மாற்றாது. தீர்மானிப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு டேட்டாபேஸையும் ஒரு ஃபோல்டராகவும், பெரும்பாலும் ஒவ்வொரு டேபிளையும் கோப்பாகவும் வைக்கிறது. கோப்புப் பெயரில் விண்டோஸ் எழுத்து அளவைப் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். டேபிள் பெயருக்கும் அதே குணம் வந்துவிட்டது.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. ஒரு சின்ன நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளை விண்டோஸ் லேப்டாப்பில் எழுதி முடித்தோம். புரோகிராம் கோடில் எங்கும் இன்வாய்ஸ் என்ற டேபிளை ஐ பெரிதாக வைத்து எழுதியிருந்தோம். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. டம்ப், அதாவது டேட்டாபேஸின் நகல், எடுத்து லினக்ஸ் சர்வரில் ஏற்றினோம், திறந்த உடனே பிழை 1146: அப்படி ஒரு டேபிள் இல்லை. விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் பெயரை எங்களுக்குத் தெரியாமல் சின்ன எழுத்தாக்கியே சேமித்திருக்கிறது. டம்பிலும் சின்ன எழுத்து. லினக்ஸில் அது சின்ன ஐ கொண்ட டேபிளாகவே இறங்கியது, கோடோ பெரிய ஐ கேட்டது. "என் மெஷினில் ஓடுதே" என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் நாங்கள் பொய் சொல்லவில்லை.

இதற்கென்று லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. லினக்ஸில் அதன் இயல்பான மதிப்பு 0, எழுதியது எழுதியபடி. விண்டோஸில் 1, எல்லாமே சின்ன எழுத்து. மேக்கில் 2, எழுதியபடி சேமித்துவிட்டு ஒப்பிடும்போது மட்டும் சின்ன எழுத்து. சர்வரில் 1 என்று மாற்றிவிட்டால் போயிற்று என்று நினைத்தோம். 8.0 முதல் இந்த மதிப்பைச் சர்வரை முதன்முதலாக இனிஷியலைஸ் செய்யும்போது மட்டுமே வைக்க முடியும். பிறகு மாற்றினால் சர்வர் எழுந்திருக்கவே மறுக்கும். கடைசியில் கோடை முழுக்கத் தேடி ஐ-யைச் சின்னதாக்கினோம்.

காலம் பெயர்களுக்கு இந்தக் குணம் கிடையாது. எந்த ஆபரேட்டிங் சிஸ்டமானாலும் மைஎஸ்க்யூஎல் காலம் பெயரில் எழுத்து அளவைப் பார்ப்பதில்லை. ஆனால் லினக்ஸில் டேபிளுக்கு வைக்கும் சுருக்கப் பெயரில் பார்க்கும். ஃப்ரமுக்குப் பிறகு சின்ன ஓ என்று சுருக்கிவிட்டு, வேருக்குப் பிறகு பெரிய ஓ என்று அடித்தால் லேப்டாப்பில் ஓடும், சர்வரில் விழும்.

எஸ்க்யூலைட், எஸ்க்யூஎல் சர்வர் என்ற மற்ற இரண்டு டேட்டாபேஸ்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஸ்க்யூலைட் ஆங்கில எழுத்தின் அளவைப் பெயரில் கண்டுகொள்வதே இல்லை, மேற்கோளுக்குள் இருந்தாலும். ஆனால் அதன் இயல்பான அமைப்பில், இரட்டை மேற்கோளுக்குள் தவறான காலம் பெயரை எழுதினால் பிழை சொல்லாமல் அதைச் சாதாரண வார்த்தையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் அந்த வார்த்தையையே திருப்பித் தரும். தேடித் தேடி மண்டை காயும். எஸ்க்யூஎல் சர்வரில் எல்லாம் கொலேஷன் கையில். கொலேஷன் பெயரின் நடுவில் சிஐ என்று இருந்தால் அளவு பார்க்காது, சிஎஸ் என்று இருந்தால் பெயர்களுக்கும் பார்க்கும்.

அதிலும் துருக்கிக்காரர்களுக்கு வந்த சோதனை தனி. துருக்கி மொழியில் புள்ளி வைத்த ஐ ஒன்று, புள்ளி இல்லாத ஐ ஒன்று, இரண்டும் வேறு வேறு எழுத்துகள். புள்ளி வைத்த சின்ன ஐ-க்குப் பெரிய எழுத்திலும் புள்ளி உண்டு. ஆகவே துருக்கிக் கொலேஷனில், அளவு பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், ஐடி என்ற காலத்தின் ஐ-யை ஓரிடத்தில் பெரிதாகவும் வேறிடத்தில் சின்னதாகவும் அடித்தால் அவை ஒன்றாகாது.

ஆஸ் செய்த வேலை

முன்பு சொன்ன மறதிக்கு வருகிறேன். பிழைச் செய்தி வருகிற தவறுகளைவிட, வராத இந்தத் தவறில்தான் நேரம் அதிகம் போகிறது.

போஸ்ட்கிரெஸில் கஸ்ட் அண்டர்ஸ்கோர் நேம் என்று, முழுச் சின்ன எழுத்தில் ஒரு காலம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு நடு எழுத்து எழும்பி நிற்கும் ஒட்டக நடைதான் பழக்கம். அதனால் செலக்டில் ஆஸ் போட்டு கஸ்ட்நேம் என்று, நடு என்-ஐப் பெரிதாக வைத்து, பெயர் மாற்றுகிறார். மேற்கோள் போடவில்லை. குவெரி நன்றாக ஓடுகிறது, போஸ்ட்கிரெஸைத் திறந்து பார்க்கும் கருவியான பிஜிஅட்மினில் தரவும் தெரிகிறது. வெப் பக்கத்தில் வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. ஏன்? ஆஸ் வைத்த பெயரும் ஒரு பெயர்தான், அதுவும் சின்ன எழுத்தாக்கப்பட்டு வந்துவிட்டது. டேட்டாபேஸ் அனுப்பியது சின்ன என், கோடு கேட்டது பெரிய என், ஜாவாஸ்கிரிப்ட் அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை) என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. இரண்டு பக்கமும் பிழை என்று யாரும் சொல்லவில்லை.

அங்கே மேற்கோள் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது அந்த ஒரு குவெரியோடு முடிந்துபோகும் பெயர், பதிவேட்டில் ஏறுவதில்லை. பதிவேட்டில் ஏறும் பெயருக்கு மேற்கோள் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் பிடிவாதம்.

பெயரைத் தமிழிலேயே வைத்தால்?

தமிழில்தான் பெரிய எழுத்தே இல்லையே, டேபிள் பெயரைத் தமிழிலேயே வைத்தால் தொல்லை தீருமா என்று பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒரு மாணவி கேட்டார். கேள்வி எனக்குப் பிடித்துப்போய், அன்றே போஸ்ட்கிரெஸில் உட்கார்ந்து பார்த்தேன். மேற்கோள்கூட வேண்டாம், தமிழ்ப் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. எழுத்து அளவுச் சிக்கலும் இல்லை.

வேறு இரண்டு சிக்கல் வந்தன. போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், கொம்பு, புள்ளி, கால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். வாடிக்கையாளர்_கைப்பேசி_எண் என்று காலம் வைத்தால் 74 பைட் ஆகிறது. போஸ்ட்கிரெஸ் அதை வாடிக்கையாளர்_கைப்பேச என்று வெட்டிச் சேமித்துவிட்டு, பிழை என்று சொல்லாமல் ஒரு குறிப்பை மட்டும் காட்டிவிட்டுப் போகிறது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. கொள்முதல் என்று டேபிள் பெயர். அதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போஸ்ட்கிரெஸ் பெயர்களை அப்படி ஒப்புமைப்படுத்திப் பார்ப்பதில்லை, பைட் வேறென்றால் பெயரும் வேறு. ஓ மட்டும் கேப்பிட்டல் என்றாவது போனில் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது?

ஏற்கெனவே அப்படி இருந்தால்

புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆங்கிலப் பெயரா, முழுச் சின்ன எழுத்து, இரண்டு சொல்லுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர், மேற்கோள் கிடையாது. ஆரக்கிளிலும் இதே போல அடியுங்கள், அது பெரிய எழுத்தாக்கிக்கொண்டால் ஆக்கிக்கொள்ளட்டும். ஆர்டர், யூசர் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களையும் தவிர்த்துவிடுங்கள், அவை மேற்கோளைக் கூடவே இழுத்து வரும். போஸ்ட்கிரெஸில் யூசர் என்ற டேபிளை மேற்கோள் இல்லாமல் கேட்டால் பிழைகூட வராது, இப்போது லாகின் செய்திருப்பவரின் பெயர் வரும்! ஒருமையை விட்டு ஆர்டர்ஸ், யூசர்ஸ் என்று பன்மையில் வைத்தாலே தப்பிக்கலாம்.

கோடில் ஒட்டக நடைதான் வேண்டும் என்றால் அதைக் கோடு பக்கமே வைத்துக்கொள்ளலாம். ஜாவாவில் எழுதுவோருக்கான ஸ்பிரிங் பூட் தானாகவே அண்டர்ஸ்கோருக்கு மாற்றித் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கான சீக்வலைஸில் அண்டர்ஸ்கோர்டு என்ற ஆப்ஷனைப் போட்டால் காலம் பெயர்கள் ஒழுங்காகிவிடும்.

வேறொருவர் வைத்துவிட்டுப் போன டேட்டாபேஸ் கைக்கு வந்தால் முதல் வேலை, டேபிள் பட்டியலை ஒரு தடவை கண்ணால் பார்ப்பது. போஸ்ட்கிரெஸ் பட்டியலில் எங்காவது பெரிய எழுத்து தெரிந்தால் அந்தப் பெயர் மேற்கோளோடு பிறந்தது. ஆரக்கிளில் சின்ன எழுத்து தெரிந்தால் அது அங்கே மேற்கோளோடு பிறந்தது. காலம் பெயர்களுக்கு, டேட்டாபேஸ் தன் பெயர்களைப் பட்டியலிட்டு வைக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் பெயரையும் அதன் சின்ன எழுத்து (லோயர்) வடிவத்தையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் எடுக்கலாம்.

பெயர் மாற்ற ஆல்டர் டேபிள் ரீநேம் போதும். டேபிள் எவ்வளவு பெரிதானாலும் நொடியில் முடியும், தரவைத் தொடுவதில்லை. ஆனால் அந்த நொடிக்கு டேபிள் முழுக்கப் பூட்டு வேண்டும், யாராவது நீண்ட குவெரி ஓட்டிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கும், அதன் பின்னால் வருகிறவர்களும் வரிசையில் நிற்பார்கள். பழைய பெயரை நம்பியிருக்கும் கோடு ஒரே நாளில் மாறாது என்பதால், பழைய பெயரிலேயே, மேற்கோளோடு, ஒரு வியூ போட்டுவைக்கலாம். போஸ்ட்கிரெஸ் 9.3-லிருந்து இப்படிப்பட்ட எளிய வியூ வழியாக எழுதவும் முடியும்.

அந்த ஆர்டர்ஸ் டேபிளை அப்படித்தான் மாற்றினோம். எல்லாக் கோடும் புதிய பெயருக்கு வந்த பிறகு வியூவை எடுத்துவிடுவதாகத் திட்டம். எடுக்கப்போன அன்று கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. மாதாந்திர ரிப்போர்ட் ஒன்று இன்னும் அதில்தான் ஓடுகிறதாம், எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். வியூ இன்றும் அங்கேயே இருக்கிறது, ஓ மட்டும் கேப்பிட்டலாக.